மாதா மேல் சத்தியம் வேண்டாம்

ஹில்டாவுக்குக் குரல் பெரிது. ராயபுரம் மார்க்கெட்டில் அவள் வஞ்சிரத்துக்கு விலை சொன்னால் எதிர்ச்சாரிக்காரி தன் விலையைக் குறைத்துக்கொள்வாள். கோர்ட்டில் வாயைத் திறக்கக்கூடாது என்று வக்கீல் டில்லிபாபு படித்துப் படித்துச் சொல்லித்தான் கூட்டிப் போனார். யாரிடம் சொன்னார் பாருங்கள்!

அவள் புருஷன் பாஸ்கல், துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறி கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிறவன். வேலையில் கெட்டி, குடியிலும் கெட்டி. ஜனவரியில் ஒரு சாயங்காலம் போதையில் போலீஸ் பூத் கண்ணாடியை உடைத்துவிட்டான். கோர்ட்டில் நிறுத்தியபோது ஹில்டாவே வக்கீலுக்கு எடுத்துக்கொடுத்தாள்.

"தவக்காலம் வந்தா சொட்டு தொட மாட்டாரு சார். மனசு வெச்சா வுட்டுடுவாரு."

பொய் இல்லை. எங்கள் மாதா கோயில் தெருக்களில் இது வழக்கம். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் ஏறினால் ஆம்பளைகள் பாட்டிலைக் கீழே வைப்பார்கள். ஈஸ்டரன்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். நாற்பது நாள் முடிகிறவனுக்கு நானூறு நாள் முடியாதா என்று பெண்டாட்டிமார் நம்புவார்கள். மாஜிஸ்ட்ரேட்டும் நம்பினார். மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, இனிக் குடிக்கக்கூடாது, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜாமீன் கொடுத்தார்.

பாஸ்கல் அந்தச் சத்தியத்தைச் சாம்பல் புதன்வரை தள்ளிப்போட்டான்; அதுவரை காலைக் கையெழுத்து முடிந்த பிறகே குடித்தான். அன்றைக்கு உண்மையாகவே நிறுத்தினான். மறுநாள் கை உதறியது. சுவரெல்லாம் பூச்சி ஊருது என்றான். அப்புறம் அடுப்படியில் விழுந்து வலிப்பு. வருஷா வருஷம் தாங்கின உடம்பு இந்த வருஷம் தாங்கவில்லை.

"இது வியாதிம்மா. இவ்ளோ குடிச்ச உடம்புல திடீர்னு நிறுத்தினா உயிரே போகும். மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். வார்டுல இருக்கட்டும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

வார்டில் இருந்தால் காலைக் கையெழுத்து போச்சு, கையெழுத்து போனால் ஜாமீன் போச்சு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். பயந்துபோய் எழுந்து வந்துவிட்டான். நடுங்குகிற கையில் பேனா நிற்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்காகவே காலையில் ஒரு கட்டிங் ஊற்றிக்கொண்டு போனான். ஸ்டேஷனில் வாடை பிடித்துவிட்டார்கள்.

ஆக, மறுபடியும் கோர்ட்டு.

மாஜிஸ்ட்ரேட் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஹில்டாவுக்குச் சுலபம்.

"பாஸ்கல், உங்க மாதா மேல இன்னொரு தடவை சத்தியம் பண்ணுங்க. ஜாமீனை ரத்து பண்ணல. வருஷா வருஷம் தவக்காலத்துல முடிஞ்சுதுன்னா இந்த வருஷமும் முடியும். இல்லன்னா புழல் ஜெயில்தான்" என்றார்.

டில்லிபாபு நிம்மதியாக மூச்சு விட்டார். பாஸ்கல் கையைத் தூக்கினான்.

"கைய எறக்குய்யா!"

மார்க்கெட் குரல். தூங்கிக்கொண்டிருந்த ஃபேன்கூட விழித்திருக்கும்.

"யாரும்மா அது?"

"அவரு சம்சாரம் அய்யா. சத்தியம் எங்க வூட்ல தலைக்கு மேல கீது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சுனு ஊரே சொல்லுது, கோர்ட்டு மட்டும் அத்தக் கேட்டு வாங்குது. தவக்காலத்துல வுட்டுடுவாருனு சொன்னது நான்தான். அது தப்பு. வுட்டதாலதான் வலிப்பு வந்துச்சு. புழலுக்கு அனுப்புனா அங்க வுழுந்து சாவாரு. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"சட்டம் உங்களுக்குத் தெரியும் அய்யா. இந்த நோவப் பத்தி யாருனா உங்களுக்குக் கிளாஸ் எடுத்தாங்களா? எனக்கும் எடுக்கல. அதான் ரெண்டு பேரும் ஒரே தப்ப பண்ணிகினு கீறோம். என்ன வோணா உள்ள போடுங்க. சத்தியம் மட்டும் பண்ண வுட மாட்டேன்."

டில்லிபாபு கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் முகம் சிவந்தது. பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டைக் கேட்டார். இரண்டு தரம் படித்தார். சிகிச்சை முடியும்வரை கையெழுத்து வேண்டாம், இன்றே வார்டில் சேர்க்கவும் என்று உத்தரவு போட்டார்.

பாஸ்கல் தேறுவானா, எனக்குத் தெரியாது. ஹில்டாவுக்கும் தெரியாது. ஆனால் உயிரோடு கட்டிலில் கிடக்கிறான்.

அவள் அன்றைக்கே சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். வாசல்படி தாண்டும்போது பின்னால் அடுத்த கேஸ் நடந்தது. மார்க்கெட்டில் கூடக் கடை போடுகிற முத்தம்மாவின் மகன், அவனும் குடிக் கேஸ்தான், கூண்டில் நடுங்கிக்கொண்டு நின்றான். அதே மாஜிஸ்ட்ரேட், அதே அன்பான குரல்: "அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணுப்பா."

ஹில்டா வாசல்படியிலேயே திரும்பினாள். ஜட்ஜுகள் எல்லாருக்கும் குடிநோய் பற்றிக் கட்டாயம் பாடம் நடத்த வேண்டும் என்று டில்லிபாபுவை உட்காரவைத்து மனு எழுதி வாங்கினாள். ஹைகோர்ட்டுக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை. அடுத்த வாரம் வியாபாரத்தை முடித்துக்கொண்டு நேராகக் கோர்ட்டு வாசலுக்கு வந்தாள்.

"உன் கேஸ்தான் முடிஞ்சுதே, இன்னாத்துக்கு வந்துகினு கீற?" என்றார் வாசலில் நின்ற போலீஸ்காரர்.

ஹில்டா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அய்யாவுக்குக் கிளாஸ் எப்ப ஆரம்பிக்கறாங்கனு கேட்டுகினு போலாம்னு வந்தேன். இல்லன்னா நாளைக்கும் வருவேன்."