அவர் துபாயில், சிம் கார்டு குடவாசலில்

என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். விடுமுறை முடிந்து கிளம்பும்போது தன் அடையாள அட்டையின் ஜெராக்ஸ்களில் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவார். கேஸ், பேங்க் என்று நான் அலையக் கூடாதாம். எங்கள் குடவாசலில் வெளிநாட்டுக்காரர் வீடுகளில் இதுதான் வழக்கம்.

ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "நீடாமங்கலத்துல ஒரு பொண்ணுக்கு இந்த நம்பர்லேருந்து அசிங்கமா போன் வருது. சிம் உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

"அவங்க துபாய்ல இருக்காங்க சார்" என்றேன். அவர் நம்பவில்லை.

முன்பு அவர் ஜெராக்ஸைக் கொடுத்து நான் சிம் வாங்கிய கடையில், கடைக்காரப் பையன் "இன்னும் ரெண்டு காப்பி இருந்தா கொடுங்கக்கா" என்று கேட்டு வாங்கியது அப்போதுதான் உறைத்தது.

அன்றே மாமனாருடன் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கினேன். என் கணவர் நாட்டைவிட்டுப் போன முத்திரை இருந்த பாஸ்போர்ட் பக்கம் துபாயிலிருந்து ஃபேக்ஸில் வந்ததால் தப்பித்தோம். போன் கம்பெனி ஆபீசில் ரசீதைக் காட்டி அந்த எண்ணை நிறுத்தச் சொன்னேன். அவர் பெயரில் வேறு எண் உண்டா என்றும் கேட்டேன். இன்னொன்று இருந்தது. அதையும் நிறுத்தினார்கள்.

இப்போது எந்த ஜெராக்ஸ் கொடுத்தாலும் எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிவிடுகிறேன்.

இந்த முறை கிளம்பும்போதும் அவர் பழக்கத்தில் பேனாவை எடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

"அவசரம்னா என்ன பண்ணுவே?"

"அலைஞ்சுக்கிறேன்" என்றேன்.