சீனத்து வைக்கோல்

பினாங்கில் கீற்றுக் கொட்டகையாக இருந்த பாத்திரக் கடையை ஓட்டுக் கட்டடமாக்கியவன் நான். அதன்மேல் மாடி எடுத்தவனும் நானே. கைநாட்டு வைத்துக் கப்பலேறியவன், இன்று யார் துணையும் இல்லாமல் இதை எழுதுகிறேன். வல்லத்திராக்கோட்டையில் எங்கள் தெருக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழும்பியதும் நான் இங்கே மூட்டை தூக்கிய காலத்தில்தான். இத்தனை செய்த நான், சீனத்துக் கோப்பைகளைப் பொதிந்து வரும் வைக்கோலை மட்டும் தொடமாட்டேன். பக்கத்துக் கடைச் சீனர்தான் பெட்டியைப் பிரித்துக் கொடுப்பார். "ஊலார்?" என்பார். மலாயில் பாம்பு என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். வேறு எப்படிச் சொல்வது?

செல்லாயியை வீட்டார் பேச்சை மீறி ஆசைப்பட்டுக் கட்டினேன். ஒரே வருஷத்தில் அந்த ஆசை கழுத்துக் கயிறாகிவிட்டது. வெளியே கிளம்பினால் எவளைப் பார்க்க என்பாள். நானும் கைநீட்டினேன், மறைக்கவில்லை. ஒருநாள் கிணற்று விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அமைதியாகக் கூப்பிட்டாள். "மச்சான், இங்கிட்டு வாங்க. எத்தனை ஆழமுன்னு பாத்துச் சொல்லுங்க."

அன்றே விட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்களில் தீர்த்துக்கொள்வதென்றால் ஊர்க்கூட்டத்தில் புருஷன் துரும்பை முறித்துப் பாதியை நீட்ட வேண்டும். அவள் வாங்கினால்தான் அறுந்தது. முறித்து நீட்டினேன்.

"கைய விரி ஆத்தா," என்றார் அம்பலக்காரர்.

"மாட்டேன் மாமா. எம் பாதியையும் அவரே சொமக்கட்டும்."

"வைக்கப்போரையே கொண்டாந்தாலும் வாங்காது போலிருக்கே," என்று கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அறுபடாமலே கப்பலேறினேன். இங்கே வந்தும் தூக்கத்தில் அந்தக் கிணறுதான் வந்தது. மூன்றாம் வருஷம் ஆள் வைத்துச் சுவர் கட்டச் சொன்னேன்.

சப்பான் சண்டை வருவதற்கு முன் அவளிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. "எனக்கும் போதும் மச்சான். துரும்ப அனுப்புங்க, வாங்கிக்கிறேன். செவுரு கட்டியும் கெணத்துப் பக்கம் போகாம இருக்க முடியல." கடையில் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு துரும்பை உருவி, முறித்து, அன்றைக்கே பாதியைத் தபாலில் சேர்த்தேன். சீனத்து வைக்கோல் எங்கள் ஊர் வழக்கத்துக்குச் செல்லுமா என்று அப்போது தோன்றவில்லை. சில நாளில் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது, தபாலும் நின்றது.

சப்பான்காரன் போன பிறகு அம்பலக்காரர் எழுதினார். மழை இல்லையாம். தெருக் கிணற்றில் இப்போது யாரும் தண்ணீர் எடுப்பதில்லையாம், மண்ணடித்து மூடிவிட்டார்களாம். செல்லாயியைப் பற்றி ஒரு வரி இல்லை. திருப்பி இரண்டு முறை கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

மறுபாதித் துரும்பு இங்கே என் தகரப்பெட்டியில் இருக்கிறது. அனுப்பிய பாதி அவள் கைக்குப் போனதா, கடலுக்குப் போனதா தெரியாது. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அங்கே என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசட்டும். ஆனால் அந்தச் சுவரைக் கட்டியவன் நான். அவள் கேட்ட அன்றே துரும்பை முறித்து அனுப்பியவனும் நான். இந்த இரண்டையும் என் பேரில் சொல்லியாக வேண்டும்.