வாளியின் எடையும் ஞானதாஸின் பெயரும்

கருங்கல்லிலிருந்து ஞானதாஸின் மகள் ஃபோனில் பேசினாள். “மாமா, அப்பா காலத்த போயிட்டாவ.” அன்று காலையில்தான் இறந்திருக்கிறார்.

மார்த்தாண்டத்தில் எங்கள் சிறு மென்பொருள் அலுவலகத்தில் நானும் அவரும் பதினெட்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ரப்பர் பாலை எடைபோட்டு வாங்கும் நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுவது வேலை. புதிய பதிப்பு ஒன்று. மாற மறுத்த நிலையங்களுக்காகப் பழைய பதிப்பு ஒன்று. புதியதில் செய்த திருத்தங்களில் வேண்டியதை மட்டும் பழையதற்குக் கொண்டுபோவோம். கொண்டுபோன ஒவ்வொன்றின் கீழும், அது எந்தத் திருத்தத்திலிருந்து வந்தது என்று எண்ணோடு எழுதுவார் ஞானதாஸ். “எங்கேருந்து வந்ததுன்னு எழுதலேன்னா, அது வரலேன்னுதான் அர்த்தம் வேய்” என்பார். நான் எழுத மாட்டேன். கல்லூரிப் பக்கம் போகாமல் நானாகக் கற்றவன். எல்லாம் தலையில் இருக்கிறது என்ற வீம்பு.

பாலோடு வாளியின் எடையும் சேர்ந்துவிடுகிறது என்பதால், அதைக் கழிக்கும் திருத்தம் ஒன்றைப் புதியதில் செய்தோம். பழையதில் அதை நான் கையாலேயே, வேறோர் இடத்தில் எழுதிவிட்டேன். எண் குறிக்கவில்லை. அதனால், எண்களை வைத்து வாராவாரம் ஞானதாஸ் எடுக்கும் ‘இன்னும் போகாதவை’ பட்டியலில் அது அப்படியே நின்றது.

“வேய், இந்த வாளித் திருத்தம் பழசுக்குப் போயாச்சா?”

எனக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பை அன்று காலைதான் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். “நீருதான இப்போ தலைவரு, நீரே பாத்துக்கிடும்” என்றேன்.

“சரி, தலைவரே பாக்கட்டு” என்று சிரித்துவிட்டு, பட்டியலை நம்பி அதைக் கொண்டுபோனார்.

வாளி இரண்டு முறை கழிந்தது. மறுநாள் பேச்சிப்பாறைப் பக்கத்து நிலையத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால்வெட்டும் பெண் ஒருத்தி ஃபோனில் கத்தினாள்: “வாளி நிறையக் கொண்டு வந்தேன். எனக்க பாலை உங்க கம்ப்யூட்டரு குடிச்சிற்றோ?”

இரண்டாவது திருத்தத்தில் இருந்தது அவர் பெயர். முதலாளி அவரைத்தான் ஏசினார். முதல் திருத்தத்தில் என் பெயரை ஞானதாஸ் பார்த்திருந்தார், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது மட்டும், “ஒரு வரி எழுதியிருக்கலாமே வேய்” என்றார்.

நினைவுக் கூட்டத்தில் முதலாளி, “மனுஷன் தவறினது அந்த ஒரு தடவைதான்” என்று புகழ்ந்தார். கேட்டுக்கொண்டிருக்கவே அலுப்பாக இருந்தது. ஞானதாஸை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஒரு தடவையும் அவர் தவறவில்லை. பொறுப்பு அவருக்குப் போனது நியாயமில்லை என்று இன்றும் நினைக்கிறேன், அது வேறு. வாளி என் பிழை.

அவர் பெயரில் உள்ள அந்தத் திருத்தத்தின் பதிவை அழிப்பதற்கில்லை. அதன் கீழே குறிப்பு சேர்க்கலாம். நேற்று சேர்த்தேன், என் பெயரோடு. எங்கிருந்து வந்தது என்று எழுதும் அவருடைய வழக்கத்தையும் எடுத்துக்கொண்டேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஒன்றையும் விடுவதில்லை.