ஆற்று மணலில் மறுபடி ஒரு வண்டி

வலது கால் முட்டி உடைந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. மாகறலுக்கு இக்கரையில், செய்யாற்று மணலில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் புதைந்து, வண்டி என் மேலேயே சாய்ந்தது. மூன்று மாதம் மாவுக்கட்டு. என் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தினமும் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தாள். இனிமேல் வண்டி ஓட்டாதீர்கள் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானேதான் விற்றுவிட்டேன்.

உத்திரமேரூரைச் சுற்றிய கிராமங்களுக்கு நான்தான் மாட்டு டாக்டர். உண்மையில் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். ஊசி போடுவது, கன்று சிக்கிக்கொண்டால் எடுப்பது எல்லாம் என் வேலை. விபத்துக்குப் பிறகு ஏழு வருடம் டவுன் பஸ்ஸிலும் கால்நடையாகவும் போனேன். பஸ் போகாத ஊர்களே அதிகம். முட்டி வலிக்கும். வண்டி வாங்கக் கூடாதா என்று கேட்பவர்களிடம், பெட்ரோல் விலையைச் சொல்லிச் சமாளிப்பேன்.

ஒரு ஐப்பசியில் சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஆள் வந்தது. கூலி வேலை செய்யும் ஒரு கிழவியின் ஒரே பசு, கன்று போட முடியாமல் தவிக்கிறது என்றார்கள். ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்த தண்ணீர் ரோட்டில் ஓடியதால் பஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. வண்டி இருந்தால் மேட்டுப் பாதையில் சுற்றிப் போயிருக்கலாம்; முழங்கால் தண்ணீரில் நடந்து இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். பசுவைக் காப்பாற்ற முடிந்தது. கன்று வயிற்றுக்குள்ளேயே செத்திருந்தது.

அந்தக் கிழவி என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து, “இன்னா நைனா, இந்தத் தண்ணியில நடந்துகினா வந்தே? மொதல்ல குந்து. காலக் கழுவு” என்றாள்.

வீட்டுக்கு வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

“வண்டி வாங்குங்க” என்றாள்.

“பயமா கீதுடி.”

ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவள் அரிசியிலிருந்து கையை எடுக்காமலே, “தெரியும். நீங்களே சொல்லட்டும்னுதான் இருந்தேன்” என்றாள்.

தை மாதம் வண்டி வந்தது. அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த நூறு சிசி வண்டி, சிவப்பு நிறம், பழையதில் பாதி எடைகூட இருக்காது. பழைய வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இதில் எல்லாம் தலைகீழ். நிறுத்த நினைத்துக் கியரை மிதித்தேன். தெருமுனைவரை போவதற்குள் நாலு தரம் அணைந்தது. அதைவிட வெட்கம், கிக்கரை உதைக்க என் முட்டி மடங்கவில்லை. நான் சீட்டில் உட்கார்ந்திருக்க, என் மனைவி புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று உதைத்தாள். எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். “வண்டி சூடானா அதுவே சொன்ன பேச்சு கேக்கும்” என்று அவருக்குப் பதிலும் சொன்னாள்.

கீழே இறங்கி நின்று இடது காலால் கிக்கரை உதைக்கப் பழகிக்கொண்டு, ஒரு மாதம் தார் ரோட்டிலேயே ஓட்டினேன். பிறகு மானாம்பதிப் பக்கம் வண்டிப்பாதைகள், வரப்பை ஒட்டிய மண்தடங்கள். ஆற்றை மட்டும் தவிர்த்தேன். அக்கரைக்கு வேலை வந்தால் பஸ்தான்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, “மாகறல் கோயிலுக்குப் போலாமா?” என்று மனைவி கேட்டாள். மகளை மனைவியின் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பாலத்துப் பக்கம் திருப்பப் போனேன்.

“இப்டியே போங்க” என்று மணல் தடத்தைக் காட்டினாள்.

கரையிறங்கியதும் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்கினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் வற்றி ஈரம் இருந்த இடமாகப் பார்த்துக் காலை அழுத்தி அழுத்தி முன்னால் நடந்தாள்.

“இங்க கெட்டியா கீது. வாங்க.”

முதல் கியரில், இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு அவள் காலடித் தடத்திலேயே வந்தேன். நடு ஆற்றில் பின்சக்கரம் வழுக்கியது. என் உடம்பு முழுக்க அந்தப் பழைய நாளே வந்து இறங்கியது.

“நிக்காதீங்க! வுடாதீங்க!” என்று கத்தினாள்.

ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். மணலை வாரி இறைத்துக்கொண்டு வண்டி நிமிர்ந்து அக்கரை ஏறியது. இறங்கி ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் மூச்சிரைக்க ஓடிவந்து பின்னால் ஏறினாள். என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கும் பயமா?”

“பின்ன இன்னா? எனக்கு இல்லாம இருக்குமா?” என்று சொல்லி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டை நனைவது தெரிந்தது. கோயில் நடை சாத்தும் நேரம் நெருங்கியிருந்தது. இருந்தாலும் அவள் நிமிரும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.