கோதையை வண்டியேற்றிய வேணி

வேணியின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பால் பண்ணையில் வேலை பார்த்த காலத்தில், ஒருவர் தடியால் அடித்ததில் மிரண்ட மாடு ஒன்று அவரை இரும்புக் கேட்டோடு சேர்த்து நெரித்துவிட்டது. கேட்டால், "மாடு நசுக்கலைங்க. அடிச்சவன் நசுக்கினான்" என்பார். அதன்பிறகு அவர் தடியைத் தொடவில்லை. வேலை மெதுவாக நடக்கிறது என்று பண்ணையில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது ஸ்ரீரங்கம் மேலூர்ப் பக்கம் மாட்டுக்கு ஊசி போட வேண்டுமா, வண்டியில் ஏற்ற வேண்டுமா, அவருக்குத்தான் போன் போகிறது.

போன ஆடியில் நான் கனடாவிலிருந்து லீவில் வந்திருந்தேன். முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் மாலைக்குள் மேடேற வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கரையை ஒட்டித்தான் என் அக்கா வத்ஸலாவின் மாட்டுக் கொட்டகை. நாலு மாடுகள். அதில் கோதை நிறைசினை, நாள் நெருங்கிவிட்டது. ஆற்றுக்கு எட்டாத மன்னார்புரத்தில் அக்காவின் சம்பந்தி வீட்டுப் பின்புறம் இடம் இருந்தது.

சேக் மைதீன் தன் சின்ன லாரியில் ஒரு நடையாக இரண்டு மாடுகளைக் கொண்டுபோய் விட்டு வந்தார். இரண்டாம் நடையில் செவலை ஏறிவிட்டது. அடுத்தது கோதை.

"இருடா, பிள்ளைத்தாச்சி பொறப்படறச்சே ஆலம் சுத்தாம அனுப்புவாளா?" என்றாள் அக்கா.

மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரைத் தட்டோடு நான்தான் மூன்று சுற்றுச் சுற்றி, லாரியில் ஏறச் சாய்த்து வைத்திருந்த பலகையின் கீழ்முனைக்கு முன்னால், தரையில் கொட்டினேன். நல்ல காரியம் செய்த நினைப்பு எனக்கு.

கோதை பலகைக்கு ஓரடி முன்னால் நின்றது. அசையவில்லை. உதவிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் முன்னால் நின்று கயிற்றை இழுத்தார்கள், பின்னால் ஒருவர் வாலை முறுக்கினார். அது வழுக்கி முன்னங்கால் மடிந்து விழுந்தது. "வயித்துல அடி பட்டுதோ, பெருமாளே!" என்று அக்கா அலறினாள். சேக் மைதீன்தான் வேணிக்கு போன் போட்டார்.

மொபெட்டை வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு வேணி நடந்து வந்தார். "கயித்தத் தளத்துங்க. எல்லாரும் அந்தாண்ட போங்க. சார், நீங்களுந்தான்."

கோதை தானாக எழுந்து நிற்கும்வரை அவர் ஒன்றும் செய்யவில்லை.

"பாய், செவலைய எறக்குங்க."

"ஏறினதையும் எறக்கவா? நல்லாருக்கே! கொள்ளிடம் நமக்காக நிக்குமாக்கா?"

"நிக்காது. இதுவும் தனியா ஏறாது."

பிறகு கோதையின் பக்கத்தில் குந்தி, அதன் கண் மட்டத்திலிருந்து பலகையைப் பார்த்தார். "இது என்னங்க செவப்பா?"

"ஆலத் தண்ணி. நான் கொட்டினேன்" என்றேன்.

"உங்களுக்குத் தண்ணி. அதுக்குப் பள்ளமா, பாம்பா, யாருக்குத் தெரியும்? முன்னாடி ஒருத்தர் நின்னு இழுத்தா அவரத் தாண்டி எங்கங்க போவும்?"

இரண்டு கூடை மண்ணை அள்ளி அந்த ஈரத்தை மூடினார். பலகை மேல் வைக்கோலைப் பரப்பினார். செவலையை முன்னால் நடத்தச் சொல்லிவிட்டு, கோதையின் தோளுக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்றார். ஒரு எட்டு கிட்டே போனார். அது ஒரு எட்டு நகர்ந்தது. உடனே பின்வாங்கி, அதை மூச்சு விட விட்டார். மறுபடி ஒரு எட்டு. கோதை மண்ணை முகர்ந்தது, வைக்கோலில் ஒரு வாய் கடித்தது, செவலையின் வாலைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டது. யாரும் ஒரு சத்தம் போடவில்லை.

"பாய், பிரேக்க மெதுவாப் போடுங்க. உள்ள ரெண்டு உசுரு" என்றார் வேணி.

"என் சம்சாரத்தக்கூட இவ்ளோ பதமா கூட்டிட்டுப் போனதில்லக்கா."

மூன்று நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. விழுந்ததில் கன்றுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது நான் கொட்டிய தண்ணீரால்தான். நாலாம் நாள் காலை கோதை பெண் கன்று ஈன்றது. கன்று இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை நின்றது. கன்றைப் பார்க்க வந்திருந்த வேணிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அந்த மடங்காத விரல்களோடு.

அக்கா அவருக்கென்று சீம்பால் எடுக்கச் செம்போடு வந்தாள். வேணி செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"மொதல்ல கன்னு வயிறு நெறையக் குடிக்கட்டும்மா. மிஞ்சினா நாளைக்குக் குடுங்க, வரேன்."