நுழைவுக்கு நூறு, பெண் பார்க்க இலவசம்

என்னை மூன்று முறை பெண் பார்த்திருக்கிறார்கள். மூன்றும் ஒரே இடத்தில்தான். மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு தாவரப் பூங்கா இருக்கிறதே, அங்கே. ஒவ்வொரு தடவையும் நுழைவுக் கட்டணம் ஏறியிருந்தது. என் மதிப்பு அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

பூங்கா எதற்கு என்று கேட்கலாம். எங்கள் ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயிலில் பார்க்கலாம் என்றால், சாமி முன்னால் நின்றுகொண்டு பெண் பிடிக்கவில்லை என்று சொல்வது ஆகாதாம். செடிகளுக்கு முன்னால் சொன்னால் தோஷமில்லை. ஆகவே இரண்டு குடும்பமும் எதேச்சையாகப் பூங்காவுக்கு வந்த மாதிரியும், எதேச்சையாகச் சந்தித்துக்கொண்ட மாதிரியும் ஒரு நாடகம். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு எவளாவது எதேச்சையாகக் கள்ளிச்செடி பார்க்க வருவாளா என்று யாரும் கேட்டதில்லை.

முதல் தடவை ஆளுக்குப் பத்து ரூபாய். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தார். பெண் வீட்டார் எடுப்பதுதான் முறை என்று அன்றைக்கு அவரே ஒரு சட்டமும் போட்டார். அந்த மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு செடியின் முன்னாலும் நின்று பலகையைப் படித்தார். பெயர், குடும்பம், பூர்வீகம், பயன் என்று எழுதியிருந்தது. தரகரிடம் கொடுத்த என் விவரக் குறிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. பொருத்தம் பார்த்த பிறகுதானே பூங்காவுக்கே வந்தார்கள் என்று கேட்டேன். அம்மா, வாயை மூடு என்றாள்.

இரண்டாவது தடவை முப்பது ரூபாய், கேமராவுக்குத் தனிக் கட்டணம். மாப்பிள்ளையின் அத்தை செல்போனை எடுத்து என்னை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்தார். காவலாளி விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அத்தை அசரவில்லை.

“செடிய எடுத்தாத்தான காசு? நா பொண்ணத்தான எடுத்துகினு கீறேன்?”

காவலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்டீன்னா சரி” என்று போய்விட்டார். செடியைவிட நான் மலிவு என்பது அன்று அதிகாரபூர்வமாக முடிவானது. படத்தில் நிறம் கம்மியாகத் தெரிகிறதாம், அந்த இடமும் போயிற்று. ஆலமரத்து நிழலில் நிறுத்திவைத்துப் படம் எடுத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

மூன்றாவது தடவை எனக்கு இருபத்தொன்பது வயது. இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று நானும் மனதார நினைத்தேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. பையன் சதுரங்கப்பட்டினம் பக்கம். ஒருமுறை போனில் பேசியிருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்காமல், ஆபீஸில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். அதற்கே எனக்கு மனசு இளகிவிட்டது. புதுப் புடவை வாங்கினேன், என் சம்பளத்தில்.

சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் போய் நின்றால், புதுப் பலகை. பெரியவர்களுக்கு நூறு ரூபாய். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் படம் எடுக்க ஆயிரக்கணக்கில். அடியில் சின்ன எழுத்தில், ஒரு டிக்கெட் நாள் முழுவதும் செல்லும் என்று ஒரு தாராளம். அவர்கள் வேனில் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பையனின் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு முக்கியமான போன். முறை, சட்டம் எல்லாம் யாருக்கும் நினைவில்லை.

பையனின் தாய்மாமன்தான் வழி சொன்னார். “எல்லாரும் உள்ள போயி இன்னா பண்ணப் போறோம்? புள்ளைங்க ரெண்டும் போயி பேசிட்டு வரட்டும். காலம் மாறிட்ச்சி. பையனுக்கு நாங்க பாத்துக்கறோம், பொண்ணுக்கு மட்டும் நீங்க எடுத்துடுங்க.”

கல்யாணத்துக்கு முன்னால் ஆணும் பெண்ணும் தனியாகப் பேசுவதா என்று மூன்று தலைமுறையாகக் குதித்த குடும்பம் எங்களுடையது. நூறு ரூபாய்க்கு முன்னால் அந்த மானம் மரியாதை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்பா சந்தோஷமாக ஒரே ஒரு டிக்கெட் எடுத்தார்.

கதவருகே காவலாளி என் டிக்கெட்டின் மூலையைக் கிழித்தார். பையன் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார். அதன் மூலை ஏற்கெனவே கிழிந்திருந்தது.

“காலைல வந்த தம்பிதான? போ, போ. நாள் ஃபுல்லா செல்லும்.”

எனக்குப் புரிய ஐந்தாறு அடி நடக்க வேண்டியிருந்தது. “காலையிலயும் வந்தீங்களா?” என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. “பத்து மணிக்கு இன்னொரு எடம். ஒரே நாள்ல ரெண்டையும் பாத்துட்டா வேன் வாடகை மிச்சம்னு அப்பா சொன்னாரு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“அந்தப் பொண்ணு எப்படி?”

“நல்லாத்தான் கீது. உங்கள மாதிரி வேலைக்குப் போகல. அதான் யோசிக்கிறாங்க.”

போனில் என் வேலையைப் பற்றி ஏன் கேட்டார் என்பதும் விளங்கிவிட்டது. அப்படியே திரும்பி வெளியே வந்தேன். இத்தனை சீக்கிரமா என்று வெளியே நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். “எனக்கு வேண்டாம்” என்றேன். காரணம் கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னேன், தாய்மாமனின் முகத்தைப் பார்த்தே.

பஸ் நிறுத்தத்தில் அம்மா பிடித்துக்கொண்டாள். “ரெண்டு எடம் பாத்தா இன்னாடி இப்போ? கடைக்குப் போனா நாலு பொடவ பிரிச்சுப் பாக்காம ஒண்ணு எடுக்கறோமா?”

“பொடவைக்கு அது தெரியாதும்மா” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் எதிரில் வராத அழுகை.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அப்பாதான் மெல்ல, “அடுத்த வாட்டி நம்ம வூட்டுக்கே வரச் சொல்லிடலாம்மா” என்றார்.

“வேணாம்ப்பா. அடுத்த வாட்டி நான் போய் பாத்துட்டு வரேன்” என்றேன்.