கூப்பிடும் மட்டும் படலையில் நின்றவர்

என் வீட்டுக்காரி சொன்னபடி குசினியில் நின்று சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. இறங்குதுறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் மஜீத்.

“கதிரண்ணன் காலமாயிட்டாரு, தெரியுமா?” என்றான்.

“இந்தமுறை எந்தப் படம்?” என்று கேட்டேன்.

மறுபக்கம், கடையில் யாரோ தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “படமில்லண்ணே. வீட்டில. விடியக்காலம் நித்திரையிலயே” என்றான். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தேன்.

அந்தக் கேள்விக்காக என்னை ஒருவரும் கோபிக்க வேண்டாம். கதிரண்ணையைத் தெரிந்த எவரும் அதைத்தான் கேட்டிருப்பார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கதிர்காமத்தம்பி என்ற முழுப்பெயர் கொண்ட இந்த மனிதர், ஒரு காலத்தில் எங்கள் துறைமுகப் பக்கம் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களில் பிணமாக நடித்தவர். பிணமாக மட்டும். நான் அந்தப் படங்களை நகரத் தியேட்டரில் ஓட்டிய ஒப்பரேற்றர். அவர் செத்துக் கிடந்ததை என் அளவுக்குப் பார்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. சினிமா வரலாறு என்று தடித்த புத்தகம் எழுதுகிறவர்கள் கதாநாயகியின் நாய்க்குட்டிக்குக்கூடப் பெயர் போடுகிறார்கள். இவருக்கு ஒருவரும் போடவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது கொஞ்சம் ஆறுகிறது.

அவருக்குக் கடல்வழியாக மூதூருக்குச் சனம் ஏற்றிப்போகிற லாஞ்சில் கயிறு பிடிக்கிற வேலை. கொழும்பிலிருந்து படமெடுக்க வந்த கம்பனிக்குக் கடலில் குப்புற மிதக்கிற பிணம் ஒன்று தேவைப்பட்டது. கூட்டிவந்த துணை நடிகருக்கு நீச்சல் தெரியாது. கதிரண்ணை மூச்சை அடக்கிக்கொண்டு பலகை மாதிரி மிதப்பார் என்று யாரோ சொல்ல, அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கமரா கரையில். இவர் நல்ல தூரத்தில் மிதக்கிறார். அப்போது சல்லிக் கிராமத்து வள்ளம் ஒன்று தொழில் முடிந்து வந்தது. கடலில் மனித உடலைக் கண்டால், எவருடையதாக இருந்தாலும் சரி, வலையையும் விட்டுவிட்டு அதைக் கரைசேர்ப்பது எங்கள் கடற்கரைச் சனத்தின் வழக்கம். பார்த்தும் பாராமல் வர அவர்களுக்கு ஏலாது. டைரக்டர் கரையில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். உதவி கேட்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் கெதியாகத் துடுப்பு வலித்தார்கள். இழுத்து வள்ளத்துக்குள் போட்டதும், “விடுங்கோடா, நான் நடிக்கிறன்” என்றது பிணம். ஒருவர் பயத்தில் கடலுக்குள் குதித்துவிட்டார்.

அதற்குள் செய்தி கரையேறி, ஒழுங்கைக்குள் ஓடி, கதிரண்ணையின் மனைவி பாக்கியமக்காவிடம் போய்விட்டது. அக்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தால், மனிதர் இறங்குதுறையில் ஈர உடுப்போடு குந்தியிருந்து பிளேன்ரீ குடிக்கிறார். எல்லார் முன்னாலும் முதுகில் ஒன்று போட்டார் அக்கா. நல்ல அடி.

அன்று பின்னேரம் அவரை வீட்டுக்குள் விடவில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகிப்போட்டுத்தானே நாங்கள் வீட்டுக்குள் ஏறுகிறோம்? செத்தவரே திரும்பி வந்தால் என்ன செய்வது? அக்கா படலைக்கு வெளியே ஒரு வாளி கிணற்றுத் தண்ணீர் வைத்து, அதில் மஞ்சளும் கரைத்துவிட்டார். கதிரண்ணை ஒழுங்கையில் நின்றபடியே முழுகினார். பிறகு அக்கா வாசலில் நின்று, “கதிர்காமத்தம்பி!” என்று உரத்துக் கூப்பிட்டார். “ஓம், வந்திட்டன்” என்று சொல்லிக்கொண்டு இவர் படலையைத் திறந்து உள்ளே போனார்.

புருசன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அது. மற்ற நாளெல்லாம் அக்காவுக்கு அவர் “இஞ்சாருங்கோ”தான். பிணமாக நடித்துவிட்டு வருகிற நாளில் மட்டும் முழுப்பெயர். ஏனக்கா அப்படி என்று ஒருமுறை கேட்டேன். “இஞ்சாருங்கோ எண்டு பொதுவாக் கூப்பிட்டால், றோட்டில அலையிற எந்தச் செத்ததும் தன்னைத்தான் எண்டு உள்ளுக்க வந்திடும். எனக்கு என்ரை மனிசன் மட்டும் போதும்” என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் வாளி, மஞ்சள், பெயர், பதில். அந்தக் குரலைக் கேட்கவென்றே ஒழுங்கைச் சனம் வேலியடியில் கூடும்.

தொழிலில் மனிதர் சூரன். ஒரு படத்தில் தாயாக நடித்த நடிகை அவர்மேல் விழுந்து அழுகிறார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல அழுகை. ஆனால் ஒரு இலையான் வந்து கதிரண்ணையின் மேலுதட்டில் இருந்துவிட்டது. அங்கிருந்து ஆறுதலாக நடந்து மூக்குக்குள் எட்டிப் பார்த்தது. மனிதர் அசையவில்லை. தியேட்டர் கலரியில் இருந்த சனம் தாயின் துக்கத்தை மறந்து “இலையான்! இலையான்!” என்று கத்தியது. இலையான் பறந்ததும் தியேட்டர் அதிரக் கைதட்டல். முதல் வாரத்தில் அந்த நடிகை எங்கள் தியேட்டருக்கு வந்திருந்தார். கைதட்டலைக் கேட்டு எழும்பி நான்கு பக்கமும் கும்பிட்டார். உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

எப்படியண்ணை அசையாமல் கிடந்தனீங்கள் என்று கேட்டேன். “செத்தவன் மாதிரிக் கிடக்கிறது லேசு தம்பி. இப்பத்தான் செத்தவன் மாதிரிக் கிடக்கிறதுதான் கஷ்டம். உடம்பில கொஞ்சம் சூடு மிஞ்சிக் கிடக்கவேணும்” என்றார். சிங்களப் படக்காரரும் அவரைத் தேடி வருவார்கள். “செத்தவனுக்குப் பாஷை தேவையில்லை. அதால எனக்கு ரெண்டு பக்கமும் வேலை” என்று சிரிப்பார்.

இவ்வளவு பேர் பார்த்தும், ஒரே ஓர் ஆள் பார்க்கவில்லை. பாக்கியமக்கா அவருடைய ஒரு படத்துக்கும் வந்ததில்லை. நான் இலவச டிக்கெற்றோடு போய்க் கூப்பிட்டிருக்கிறேன். “என்ரை மனிசன் செத்துக் கிடக்கிறதை நான் கதிரை போட்டுக் குந்தியிருந்து பார்க்கவோ? உயிரோட வாற படம் ஒண்டு நடிக்கச் சொல்லுங்கோ. முன்வரிசையில இருந்து பார்க்கிறன்” என்று சொல்லிவிட்டார். கதிரண்ணை அதைக் கேட்டுச் சிரித்தபடி வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அன்றிலிருந்து வருகிற டைரக்டர்களிடமெல்லாம் ஒரே வேண்டுதல்தான். கண் திறந்தபடி ஒரு காட்சி. ஒன்றே ஒன்று. வசனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒருமுறை கிடைத்தும் விட்டது. தபால்காரர் வேடம். “அம்மா, தந்தி!” என்று ஒரு வசனமும் உண்டு. பாக்கியமக்கா ஒழுங்கை முழுக்கச் சொல்லி வைத்தார். படம் பார்க்கப் போக எந்தச் சேலை உடுப்பது என்று என் வீட்டுக்காரியிடம் வந்து யோசனை கேட்டார். படப்பிடிப்பு நாளில் நானும் போயிருந்தேன். பிணமாகக் கிடக்கக் கொழும்பிலிருந்து கூட்டி வந்த ஆள் வெள்ளைத்துணிக்குக் கீழே நித்திரையாகி, குறட்டை விடத் தொடங்கிவிட்டார். எழுப்பிப் படுக்க வைத்தால் திரும்பவும் குறட்டை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் கதிரண்ணையைப் பார்த்தார். இவர் காக்கிச் சட்டையைக் கழற்றிக் குறட்டைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏனண்ணை விட்டுக்கொடுத்தனீங்கள் என்று சண்டைக்குப் போனேன். “வேலை நிண்டால் இத்தினை பேரும் வெறுவயிறோட நாளைக்கும் வரவேணும் தம்பி. சும்மா விடு” என்றார்.

அன்று படலையடியில் வாளி இல்லை. உயிரோடு நடித்துவிட்டு வருகிறவருக்கு வாளி எதற்கு? பாக்கியமக்கா பூவும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். கதிரண்ணை படலைக்கு வெளியே நின்று, “தண்ணி வை பாக்கியம்” என்றார். அக்கா கிணற்றடிக்குப் போனார். அன்று பெயர் கூப்பிட்ட குரல் வேலியடியில் நின்ற எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பிறகு என்ன, படமெடுப்பது நின்றது. நாட்டில் சண்டை வந்தது, தியேட்டர் பூட்டுண்டது. படச்சுருள்கள் எரிந்தது பாதி, உக்கியது மீதி. அக்கா மனம் மாறிப் பார்க்க விரும்பினாலும், இனிச் செத்த கதிரண்ணையைக்கூடப் பார்க்க வழியில்லை என்றானது. மூதூருக்குப் பாலங்கள் வந்து பஸ் நேராகப் போகத் தொடங்கி, லாஞ்ச் வேலையும் போன பிறகு அவர் மஜீத்தின் கடைப் பலகை வாங்கில் வந்து குந்தியிருப்பார். கவலைப்பட்டுக் கதைத்ததில்லை. “கமரா எங்க போகும்? திரும்பி வரும்” என்பார்.

வந்தது. போன வருடம் கிண்ணியாவிலிருந்து ரிஸ்வானா என்ற ஆசிரியை என்னைத் தேடி வந்தார். குறும்படம் எடுக்கிறவர். வயதான ஒருவர் வேண்டும் என்றார். நான் நேரே கதிரண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மனிதர் கேட்ட முதல் கேள்வி, “பிள்ளை, நான் எந்த இடத்தில சாகிறன்?”

“நீங்க சாகல்ல ஐயா. வீட்டுக்கு வாறீங்க” என்றார் ரிஸ்வானா.

கதிரண்ணை திரும்பிப் பாக்கியமக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தை மறைத்துக்கொண்டு குசினிக்குள் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். எனக்குச் சீனி போட மறந்துவிட்டார்.

படத்தின் கதை சின்னது. நெடுங்காலம் பிரிந்திருந்த ஒருவர் வீடு திரும்புகிறார், படலையில் நிற்கிறார், உள்ளே போகிறார். அதற்கே மனிதர் திணறிப்போனார். கமராவைக் கண்டதும் மூச்சு அடங்கிவிடுகிறது. நின்றபடியே செத்துவிடுகிறார். “எனக்கு உயிரோட நிக்கத் தெரியேல்லைப் பிள்ளை” என்று வெட்கப்பட்டார். வெளியில் போய் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ரிஸ்வானா கேட்டார். “கூப்பிடும் மட்டும் படலையில நிப்பன்.” அப்படியே நில்லுங்கள் என்றார். கதையில் எழுதியிருந்த பெயரையும் மாற்றச் சொன்னார் கதிரண்ணை. “வேறை பேருக்குத் திரும்பி வர எனக்குத் தெரியாது.” கூப்பிடுகிற பெண்ணின் குரலைப் பிறகு சேர்ப்பதென்று, கூப்பிடவேண்டிய இடத்தில் ரிஸ்வானா கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். பாக்கியமக்கா படப்பிடிப்புப் பக்கம் வரவேயில்லை. முன்வரிசை என்றால் முன்வரிசைதானாம்.

படம் முடிவதற்குள் கதிரண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டில் சனம் அழுதுகொண்டே அவர் நெஞ்சைக் கள்ளமாகப் பார்த்தது. நானும் பார்த்தேன். வாசலில் கட்டிய வாழையை, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வந்து கடித்துக்கொண்டிருந்தது, துரத்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயரைச் சொல்லி ஒருக்கால் கூப்பிடுவார் என்று. கூப்பிடவில்லை. உடலைத் தூக்கும்போதும் கூப்பிடவில்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்தபின் என் வீட்டுக்காரியிடம் சொன்னாராம்: “கூப்பிட்டால் மனிசன் ஓம் எண்டு சொல்லவேணும். சொல்லாட்டி நான் என்ன செய்யிறது?”

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த அன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் ரிஸ்வானா படத்தைப் போட்டுக் காட்டினார். வேலை முழுதும் முடியவில்லை, கூப்பிடுகிற குரல் இன்னும் சேர்க்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொன்னார். பழைய ஒப்பரேற்றர் என்ற மரியாதைக்குக் கணினியின் பொத்தானை என்னை அமத்தச் சொன்னார்கள். பாக்கியமக்கா முன்வரிசையில், நடுக் கதிரையில்.

இறங்குதுறையிலிருந்து கதிரண்ணை நடந்து வருகிறார். கையில் ஒரு பை. கண் இரண்டும் திறந்திருக்கிறது. இருமுகிறார், இடுப்புச் சறத்தைச் சரிசெய்கிறார், ஒரு நாயைப் பார்த்து “சீ, போ” என்கிறார். அட, எவ்வளவு உயிர் அந்த மனிதருக்குள்! படலையடியில் வந்து நின்றார். குரல் வரவேண்டிய இடம் வெறுமையாக ஓடியது. திரையில் அவர் நிற்கிறார்.

“கதிர்காமத்தம்பி!”

பாக்கியமக்காதான். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அரைவாசி எழும்பி நிற்கிறார்.

திரையில் கதிரண்ணை நிமிர்ந்தார். “ஓம், வந்திட்டன்” என்று சொல்லிப் படலையைத் திறந்தார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. “பாருங்கோவன், தலை முழுகாமலே உள்ளுக்க போறார்!” என்றார். பிறகு தனக்குத்தானே, “உயிரோட வாற மனிசனுக்கு என்னத்துக்கு வாளி” என்று சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் விக்கி விக்கி அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வேறு குரல் தேவையில்லை என்று ரிஸ்வானா முடிவெடுத்துவிட்டார். அடுத்த கிழமை அக்காவின் குரலைப் பதிந்துகொண்டு போனார். எழுத்தோட்டத்தில் முதல் பெயராகக் கதிர்காமத்தம்பி என்று வரும். படம் ஊர் ஊராகப் போகப் போகிறது. தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அக்கா கூப்பிடுவார், அவர் வருவார்.

என்னிடம் அவருடைய படம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுச் சுருள்கூட மிஞ்சவில்லை. அந்தப் பதிலை மட்டும் வைத்திருக்கிறேன். வீட்டில் கூப்பிட்டால் “என்ன இப்ப?” என்று குரைக்கிற ஆள் நான், கேட்டுப் பாருங்கள். இப்போது அப்படி வாய் வருவதில்லை. இதை முடிக்கிற நேரத்தில் குசினிக்குள்ளிருந்து வீட்டுக்காரி கூப்பிடுகிறார்.

ஓம், வந்திட்டன்.